10.01 ஏக்கர்: அமெரிக்கக் கிராமப்புறத்தில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ நிலம் வாங்க முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் கிராமத்து நிலம் விற்கும் விளம்பரங்களைப் புரட்டினால் 10.01 ஏக்கர் என்ற அளவு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சில இடங்களில் 10.03, சில இடங்களில் 10.1. இது அளந்தவர் கை தவறி வந்த எண் இல்லை. டெக்சஸ் சட்டத்தில் பல இடங்களில் 10 ஏக்கர்தான் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிய நிலத்துக்குப் பல அனுமதிகள் தேவைப்படாது. நிலத்தைத் துண்டு போட்டு விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘அன்ரெஸ்ட்ரிக்டட், நோ ஜோனிங், ஹண்டிங் ஓகே’ (தடை இல்லை, நிலப் பயன்பாட்டு வரையறை இல்லை, வேட்டையாடலாம்) என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

டாலஸிலும் ஹூஸ்டனிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. மரவீடு ஒன்று, நாலு கோழி, இரண்டு ஆடு, முடிந்தால் நவம்பரில் ஒரு மான். ஆசை நியாயமானதுதான். ஆனால் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்றால் பத்திரத்தில் தடை எழுதவில்லை என்பது மட்டுமே பொருள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகம்), மாநிலம், மத்திய அரசு, அந்த மண் ஆகியவை போடும் தடைகள் அப்படியே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான் நிலம் வாங்கும் வேலையில் முக்கால்வாசி. டெக்சஸை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். மிசூரி, ஆர்கன்சா மாநிலங்களின் ஓசார்க் மலைப்பகுதியை ஒப்பிடத் தொட்டுக்கொள்கிறேன்.

1. எதற்காக வாங்குகிறீர்கள்?

வேட்டைக்கு மட்டும் என்றால் மின்சாரமும் செப்டிக்கும் (வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் தொட்டி) பெரிய விஷயமில்லை. மரம், ஓடை, நல்ல அகலம் வேண்டும். வாரக்கடைசி மரவீட்டுக்கு மழையிலும் கார் போகிற பாதை முக்கியம். குடியேறி ஆடு கோழி வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இவை எல்லாமே வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்பதையும் பார்க்க வேண்டும்.

அரசு இலவசமாகத் தரும் நிலம் இன்னும் எங்கோ இருப்பதாக நம்புகிறவர்கள் உண்டு. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கரை, ஐந்தாண்டு குடியிருந்து உழுதவர்களுக்குக் கொடுத்தது. அது 1976இல் முடிந்தது; அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. டெக்சஸில் அந்தச் சட்டம் செல்லுபடியானதே இல்லை. 1845இல் அமெரிக்காவோடு சேரும்போது தன் நிலங்களை டெக்சஸ் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதனால்தான் இன்றும் அந்த மாநிலத்தில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியாரிடம் இருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர்கள் ஒன்று சொந்த நிலம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் குத்தகை எடுக்க வேண்டும். மிசூரியில் நிலைமை வேறு. மார்க் ட்வைன் தேசிய வனம் மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கர். வேட்டைதான் முதல் ஆசை என்றால், அந்த வனத்தை ஒட்டிய ஐந்து ஏக்கரை டெக்சஸின் இருபது ஏக்கரைவிட மேலாகவே நினைப்பேன்.

2. தடை இல்லை என்பதைக் காகிதத்தில் பாருங்கள்

விற்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவான ‘டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ ஏதாவது அந்த நிலத்தின் மீது இருக்கிறதா என்று கேளுங்கள். அவை நிலத்தோடு போகும். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். வீடு குறைந்தது இத்தனை சதுர அடி இருக்க வேண்டும், மொபைல் ஹோம் கூடாது, ஆர்வி எனும் வீட்டு வண்டியில் நிரந்தரமாகத் தங்கக் கூடாது, பன்றி வளர்க்கக் கூடாது, துப்பாக்கி சுடக் கூடாது என்பன வழக்கமான வரிகள். ‘லைட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று விளம்பரத்தில் இருந்தால் அந்த லேசான தடையில்தான் உங்கள் ஆசை மாட்டிக்கொள்ளும். முழுப் பிரதியையும் வாங்கிப் படியுங்கள்.

அடுத்து கவுண்டி. டெக்சஸில் கவுண்டிகளுக்குப் பொதுவாக ஜோனிங் அதிகாரம் கிடையாது, நகரங்களுக்கு உண்டு. நகர எல்லைக்கு வெளியே இருந்தாலும் அந்த நகரத்தின் விதிகள் சில எல்லைக்கு வெளியேயும் செல்லும் ‘ஈடிஜே’ வட்டத்துக்குள் நிலம் விழலாம். பெரிய நகரங்களுக்கு அது ஐந்து மைல் வரை நீளும். 2023இல் வந்த சட்டம், அதிலிருந்து விலக நில உரிமையாளர் மனுப் போட வழி செய்திருக்கிறது.

இப்போது அந்த 10 ஏக்கர் கோட்டுக்கு வருவோம். உட்சாலை போடாமல் ஒவ்வொரு துண்டும் 10 ஏக்கருக்கு மேல் இருக்கும்படி நிலத்தைப் பிரித்தால், கவுண்டியிடம் மனைப்பிரிவு வரைபட அனுமதி வாங்க வேண்டியதில்லை. 10 ஏக்கர் அல்லது அதற்கு மேலுள்ள நிலத்தில் ஒரே ஒரு குடும்ப வீடு என்றால், சில நிபந்தனைகளோடு செப்டிக் அனுமதியும் வேண்டாம். 10 ஏக்கருக்கு மேலுள்ள நிலத்தில் வீட்டுக்கும் கால்நடைக்குமான கிணறு, நாளொன்றுக்கு 25,000 கேலனுக்கு மேல் இறைக்க முடியாதபடி இருந்தால், நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் உள்ளூர் அமைப்பான நிலத்தடி நீர் மாவட்டத்தின் பெர்மிட்டிலிருந்து தப்பும். மனைப்பிரிவுகளில் துப்பாக்கி சுடுவதைக் கவுண்டி தடுக்க முடிவதும் 10 ஏக்கரும் அதற்குக் கீழும் உள்ள மனைகளில்தான். ஆகவே அந்த .01க்கு நல்ல விலை உண்டு.

ஆனால் வடிவத்தைக் கவனியுங்கள். செப்டிக் விலக்குக்கான நிபந்தனைகளில் ஒன்று, அதன் எல்லாப் பகுதிகளும் நில எல்லையிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது. ரோட்டு முகப்பைப் பலருக்குப் பங்கு போட்டு, 200 அடி அகலமும் 2,180 அடி நீளமுமாக ரிப்பன் மாதிரி வெட்டிய 10 ஏக்கரில், இரண்டு பக்கமும் நூறு நூறு அடி விட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. 300 அடி அகலம் என்றால் நடுவில் 100 அடி கிடைக்கும். அதிலும் சில கவுண்டிகள் மாநில விதியைவிடக் கறாராக இருக்கும், எவ்வளவு பெரிய நிலமானாலும் அனுமதி கேட்கும். கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

மிசூரியில் செப்டிக் விலக்குக்கான கோடு 3 ஏக்கர். ஆர்கன்சாவில் 10 ஏக்கர்; ஆனால் எல்லையிலிருந்து 200 அடி தள்ளி இருக்க வேண்டும். கொலராடோவில் 35 ஏக்கர் துண்டுகள் அதிகம் விற்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு: 35 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் மனைப்பிரிவு விதிகளிலிருந்து விலக்கு, கிணற்று அனுமதியும் எளிது.

3. போவதற்கு முன் வீட்டிலிருந்தே பாருங்கள்

எல்லாம் இலவசம். கவுண்டி மதிப்பீட்டு அலுவலக வரைபடத்தில் நிலத்தின் எல்லையும் அக்கம்பக்கத்து உரிமையாளர்களும் தெரிவார்கள். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ‘ஏ’ அல்லது ‘ஏஈ’ மண்டலம் என்றால் வீடு கட்ட வெள்ளப்பகுதி அனுமதி வேண்டும், வங்கிக்கடன் என்றால் வெள்ளக் காப்பீடும் கட்டாயம். மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் ஈரநில வரைபடத்தையும் பாருங்கள். ஆறு, ஓடை போன்ற நீர்நிலையோடு நேராக இணைந்த ஈரநிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்க மத்திய அரசின் சுத்த நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜோனிங் இல்லாத கவுண்டி என்பதெல்லாம் அங்கே செல்லாது.

விவசாயத் துறையின் ‘வெப் சாயில் சர்வே’யில் உங்கள் துண்டை வரைந்தால், எந்த மண், எத்தனை ஆழம், செப்டிக்குக்கு ஏற்றதா என்று சொல்லிவிடும். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

4. மண்ணும் தண்ணீரும்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பணம் கரைவது இங்கேதான்.

சான் அன்டோனியோ பக்கத்திலிருந்து டாலஸ் தாண்டி வடக்கே போகும் பட்டையில் இருப்பது கருப்புக் களிமண். அதன் பெயர்பெற்ற வகைக்கு ‘ஹூஸ்டன் பிளாக்’ என்று பெயர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: அது நம் கரிசல்தான். மண்ணியல் வகைப்பாட்டில் இரண்டும் வெர்ட்டிசால் வரிசை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் உப்பி ஊதும். அடித்தளம் நகரும், சுவரில் விரிசல் வரும். செப்டிக் தொட்டியின் நீர் பூமிக்குள் இறங்காது, ஆகவே சாதாரண முறை வேலை செய்யாது. காற்று செலுத்தித் தெளிக்கும் ‘ஏரோபிக்’ முறை போட வேண்டிவரும்; 10,000 டாலரை எளிதாகத் தாண்டும், அப்புறம் பராமரிப்புச் செலவு. கிழக்கே தள்ளிப் போனால் மணல் கலந்த மண், விஷயம் சுலபம்.

ஓசார்க்கில் பிரச்சினை வேறு. மேல்மண் குறைவு, கீழே சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புப் பாறையும். பாறை முழுக்க வெடிப்பும் குகையும் என்பதால், மேலே விட்ட கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஊற்றுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம். ‘இயற்கை ஊற்று உண்டு’ என்ற விளம்பரம் கவர்ச்சிதான். குடிக்குமுன் சோதனைக்கு அனுப்புங்கள். பக்கத்து நிலத்துக்காரர் செப்டிக் எங்கே வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

தண்ணீர்ச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் ‘ரூல் ஆஃப் கேப்சர்’: 1904இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே கம்பெனி வழக்கில் உறுதி செய்தது. உங்கள் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை நீங்கள் இறைக்கலாம். பக்கத்துக்காரர் பெரிய மோட்டார் வைத்து இறைத்து உங்கள் போர் வற்றினால் பெரும்பாலும் கேட்க முடியாது. நிலத்தடி நீர் மாவட்டங்கள் உள்ள பகுதிகளில் மட்டும் கொஞ்சம் கட்டுப்பாடு இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, எவ்வளவு வந்தது என்று போர் போட்டவர்கள் தாக்கல் செய்த அறிக்கைகள் டெக்சஸ் நீர் மேம்பாட்டு வாரியத்தின் தளத்தில் இருக்கின்றன. நாலைந்து அறிக்கை படித்தாலே உங்கள் கிணற்றுச் செலவு பிடிபட்டுவிடும். கிராமக் குடிநீர்க் குழாய் சாலையில் ஓடுகிறது என்றால் அது போதாது. புது மீட்டர் தருவார்களா, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மின்சாரத்துக்கும் அதே கேள்வியைக் கூட்டுறவு மின் சங்கத்திடம் கேளுங்கள். கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் வீடு வரை கம்பி இழுக்கும் செலவு சில சமயம் மரவீட்டின் செலவோடு போட்டி போடும்.

5. பாதை

நம் ஊரில் வண்டிப்பாதைத் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கவுண்டி பராமரிக்கும் சாலை உங்கள் நிலத்தைத் தொட்டால் நிம்மதி. இல்லையென்றால் அடுத்தவர் நிலம் வழியாகப் போகும் உரிமை, அதாவது ‘ஈஸ்மென்ட்’, பதிவாகி இருக்க வேண்டும். ‘முப்பது வருசமா இப்படித்தான் போறோம்’ என்பது வழக்கறிஞருக்கு வேலை தரும் வாக்கியம். பதிவான பத்திரத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். போக வர மட்டும் என்று இருந்தால் அதே பாதையில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் கொண்டுபோகப் பக்கத்துக்காரர் மறுக்கலாம். அகலமும், யார் சரளை போடுவது என்பதும் எழுதியிருந்தால் நல்லது.

6. நேரில் போய்ப் பார்ப்பது

பெருமழைக்கு மறுநாள் போங்கள். வறண்ட சனிக்கிழமையில் எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும். டெக்சஸில் பொதுவான மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். அன்று காலை அங்கே இருந்தால் எந்தப் பக்கம் யார் சுடுகிறார்கள் என்று காதுக்கே தெரியும். வேட்டையில் உங்கள் குண்டு அடுத்தவர் எல்லையைத் தாண்டினால் குற்றம். ஆகவே ரிப்பன் துண்டில் ரைபிள் வேட்டை என்பது விளம்பரத்தில் மட்டும் நடக்கிற காரியம்.

உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விளையாட்டில்லை. ‘லோன் ஸ்டார்’ உண்ணி கடித்துச் சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற ஒவ்வாமை வருகிறது. அப்புறம் மட்டன், பீஃப், மான்கறி எதுவும் சாப்பிட முடியாது. ஓசார்க்கிலும் கிழக்கு டெக்சஸிலும் இந்த உண்ணி ஏராளம். வேட்டைக்கு நிலம் வாங்கிவிட்டு சாம்பார் சாதத்தோடு உட்கார வேண்டிவரும்.

7. வில்லங்கம்

அமெரிக்காவில் பட்டா கிடையாது. கவுண்டி கிளார்க் பத்திரத்தைப் பதிவு செய்வார். அது சரியான பத்திரமா என்று உறுதி சொல்ல மாட்டார். டைட்டில் கம்பெனிதான் பழைய பத்திரங்களைத் தேடிப் பார்த்துக் காப்பீடு தருகிறது. ‘டைட்டில் கமிட்மென்ட்’ வந்ததும் நேராக ‘ஷெட்யூல் பி’ பக்கத்துக்குப் போங்கள். காப்பீடு எதற்கெல்லாம் பொறுப்பேற்காது என்ற பட்டியல் அது. பைப்லைன், மின்தடம், பழைய குத்தகை, மரம் வெட்ட யாருக்கோ விற்ற உரிமை எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும்.

அதில் கனிம உரிமை தனிக்கதை. டெக்சஸில் நிலத்தின் மேற்பரப்பும் அடியில் உள்ள எண்ணெய், வாயுவும் தனித்தனிச் சொத்துகள். பல இடங்களில் முந்தைய உரிமையாளர்கள் அடிப்பகுதியைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டு மேல்பகுதியை மட்டும் விற்றிருப்பார்கள். சட்டப்படி கனிமத்துக்காரர் கைதான் ஓங்கி இருக்கும்: எடுப்பதற்கு நியாயமாகத் தேவைப்படும் அளவு உங்கள் மேற்பரப்பைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு. சாலை போடுவார், கிணறு தோண்டுவார். சின்ன நிலத்தில் கனிம உரிமையையும் சேர்த்து வாங்குவது அரிது. அதற்கு ஏங்க வேண்டாம். ஆனால் மேற்பரப்பைத் தொட மாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த ‘சர்ஃபேஸ் வேவர்’ இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். எண்ணெய் இறைக்கும் வட்டாரத்தில் அது இல்லாத பத்து ஏக்கரில் நான் வீடு கட்ட மாட்டேன்.

பத்திரம், உரிமைக்கு விற்பவரே உத்தரவாதம் தரும் ‘வாரண்டி டீட்’ ஆக இருக்கட்டும். ‘க்விட்கிளெய்ம்’ என்றால், எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதைத் தருகிறேன் என்று மட்டுமே விற்பவர் சொல்கிறார். ஏதும் இல்லாமலும் இருக்கலாம்.

அளவைக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். ஓசார்க்கில் 1785 முதல் வந்த சதுரமுறை: ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதன் பதினாறில் ஒன்று 40 ஏக்கர். டெக்சஸில் அது இல்லை. பழைய ஸ்பானிய ‘வாரா’ அளவில் எழுதிய பத்திரங்கள் இன்னும் உண்டு. ஒரு வாரா 33⅓ அங்குலம். வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. பணம், வரி

வெறும் நிலத்துக்குச் சாதாரண வீட்டுக்கடன் கிடைக்காது. 1916 முதல் இயங்கும் ஃபார்ம் கிரெடிட் கூட்டுறவு அமைப்புகளும் உள்ளூர் வங்கிகளும் தரும். 20 சதவீதத்துக்குக் குறையாமல் முன்பணம் எதிர்பாருங்கள். விற்பவரே தவணைக்குத் தருவதில் இரண்டு வகை உண்டு. பத்திரத்தை இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றி, கடனுக்கு நிலத்தை ஈடாக வைக்கும் ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ எழுதுவது ஒன்று. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கும் ‘கான்ட்ராக்ட் ஃபார் டீட்’ இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிடுங்கள். டெக்சஸ் எல்லையோரக் ‘கொலோனியா’ குடியிருப்புகளில் குடிநீர்கூட இல்லாத மனைகளை ஏழைகளுக்கு விற்றது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

டெக்சஸில் விவசாய மதிப்பீட்டில் (சந்தை விலையை விட்டு, விளைச்சல் மதிப்பை வைத்து வரி போடும் முறை) உள்ள நிலத்துக்கு வரி மிகக் குறைவு. வாங்கியதும் அது தானாகத் தொடராது. புது உரிமையாளர் ஏப்ரல் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பயன்பாடு மாறினால் கடந்த மூன்று ஆண்டுகளின் வித்தியாச வரியை வசூலிப்பார்கள். ஆகவே அந்த ‘ரோல்பேக்’ யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 5 முதல் 20 ஏக்கர் நிலத்தில் தேனீ வளர்ப்பும் விவசாயம்தான். மாடு மேய்க்க நேரமில்லாத ஐடிக்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஏற்கனவே விவசாய மதிப்பீட்டில் இருந்தால் வனவிலங்குப் பராமரிப்பு வகைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

9. விசாவில் இருப்பவர்களுக்கு

எச்1பியில் இருப்பவர் நிலம் வாங்க மத்திய அரசின் தடை ஏதும் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த டெக்சஸ் சட்டம் சீனா, ஈரான், வடகொரியா, ரஷ்யா ஆகியவற்றைக் குறிவைத்தது. இந்தியா அதில் இல்லை. மற்ற மாநிலங்களில் வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்க வெவ்வேறு விதிகள் உண்டு, வாங்குமுன் அந்த மாநில வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஆனால் 1978ஆம் ஆண்டின் ஆஃப்ஃபிடா சட்டத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய, வன நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவத்தை விவசாயத் துறையிடம் தர வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். பெரிய வருமானம் இல்லாத சின்னத் துண்டுகளுக்கான விலக்கு 10 ஏக்கரோடு நின்றுவிடுகிறது. டெக்சஸில் உங்களைக் காப்பாற்றிய அதே .01 இங்கே உங்களைப் படிவம் நிரப்ப வைக்கும்.

துப்பாக்கியில் இன்னும் கவனம் வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. 2019 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டு விசாக்காரர் லைசென்ஸ் எடுக்காமல் நண்பரின் ரைபிளைத் தொட்டால் மத்திய சட்டத்தில் மாட்டுவார். பன்றிக்குத் தேவையில்லாத அந்த லைசென்ஸ் உங்களுக்குத் தேவை. 1971 செப்டம்பர் 2 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு டெக்சஸ் வேட்டைப் பயிற்சிச் சான்றும் கேட்கும். வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

10. ஒப்பந்தம், பதிவு, அதற்குப் பிறகு

டெக்சஸில் கிராம நிலத்துக்கென்றே ‘ஃபார்ம் அண்ட் ராஞ்ச்’ ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. வீட்டு மனைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சிறு தொகை கொடுத்து ‘ஆப்ஷன்’ காலம் வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். வீட்டுக்கு ஏழெட்டு நாள் போதும்; நிலத்துக்கு ஒரு மாதம் கேளுங்கள், மண் சோதனைக்கும் அளவைக்கும் ஆள் கிடைக்கவே அவ்வளவு ஆகும். விற்பவர் மறுத்தால், செப்டிக் சோதனையும் அளவையும் திருப்தியாக வந்தால் மட்டுமே வாங்குவேன் என்று நிபந்தனையாகவாவது எழுத வையுங்கள்.

பதிவு முடிந்த வாரமே எல்லையைக் குறித்துவிடுங்கள். டெக்சஸ், மிசூரி, ஆர்கன்சா மூன்றிலும் மரத்தில் அடித்த ஊதா நிறக் கோடு ‘அத்துமீறி நுழையாதே’ பலகைக்குச் சமம். டெக்சஸில் அந்தக் கோடு செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும். காட்டு நிலத்தில் குறிக்குக் குறி 100 அடிக்கு மேல் இடைவெளி கூடாது. நவம்பர் வருமுன் ஒரு டின் பெயின்டோடு சுற்றி வந்தால், பக்கத்து நிலத்துக் குத்தகைக்காரர்களுக்கு உரிமையாளர் மாறிவிட்ட செய்தி போய்விடும்.